கையெழுத்துக்குக் கீழே

எஸ்டேட் ஆஸ்பத்திரி,
வித்துராவுக்கு மேலே.
20 ஆகஸ்ட் 2024

தம்பி சாம்பசிவனுக்கு, நாகலக்ஷ்மி அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே மழை சௌக்கியம், பனி சௌக்கியம், நடுவில் நானும் சௌக்கியம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. உன் பிரஷர் எப்படி இருக்கிறது? ஆஷா தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தான் சாப்பிடுகிறாளா? மருந்து கொடுக்கிற வேலையில் முப்பது வருஷமாக இருப்பவள் கேட்கிறேன், பொய் சொல்லாதே.

போன் செய்யலாமே என்பாய். மழை தொடங்கினால் இந்த மலையில் சிக்னல் போய்விடும். கிடைத்தாலும், "அக்கா, கோர்ட்டுல இருக்கேன்" என்பதற்கு மேல் நீ பேசி நான் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அப்பா டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தாரே தேன்வரை ஸ்பைசஸ், அதில் அவர் என் பெயரில் எழுதிவைத்த பங்குகள் இருக்கின்றன அல்லவா? நேற்று தபால்காரர் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு கவர் கொண்டுவந்தார். பங்குதாரர்களின் விசேஷக் கூட்டத்துக்கு அழைப்பு. பழவங்காடி ஆபீஸில் ஆகஸ்ட் பன்னிரண்டு, காலை பதினோரு மணி. கவர் மேல் திருவனந்தபுரம் முத்திரை ஆகஸ்ட் பதினான்கு! கல்யாணம் முடிந்து, பந்தலையும் பிரித்த பிறகு பத்திரிகை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் புதுப் பங்குகள் உண்டாக்கி ஒரு மும்பை கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி நூற்றுக்கு அறுபது அவர்கள் கையில். கம்பெனி லாரி ஓட்டுகிற, கொஞ்சம் பங்கும் வைத்திருக்கிற லிங்கராஜ், யூனிட்டில் வேலை செய்கிற அவன் பெண்டாட்டி சுஜா எல்லாரும் பயந்துபோயிருக்கிறார்கள். வித்துரா பேக்கிங் யூனிட்டை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. அங்கே எழுபது பெண்கள் வேலை செய்கிறார்கள். இப்படிச் செய்யலாமா? நீ கம்பெனிகளின் சண்டையைத்தானே நடத்துகிறாய், சொல்லு.

கவரை அப்பா வழக்கப்படி கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்.

உன் நலத்துக்குத் தினமும் விளக்கேற்றும்,
நாகலக்ஷ்மி



கரமனை
திருவனந்தபுரம்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, நமஸ்காரம்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மூன்று வாரத்தில் ஐந்து தடவை கொச்சிக்குப் போய்வந்தேன். கம்பெனி வழக்குகளுக்கான ட்ரிப்யூனல் அங்கேதான். வந்தேபாரத் ரயிலில் பாதி மனுவை எழுதுகிறேன், மீதியை வீட்டில். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. ஆஷாவும் ஸ்மிதாவும் நலம். ஸ்மிதா காலேஜில் மலையாளத்தில் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தால் என்னோடும் மலையாளம்தான். "அப்பா, ஒண்ணு மிண்டாதிரி" என்கிறாள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். உன் முழங்காலுக்கு என்ன தைலம் தேய்க்கிறாய்?

நீ கேட்டது கொஞ்சம் சிக்கலான விஷயம், கடிதத்தில் சொல்ல முடியாது. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே. அந்தக் கவரை எறிந்துவிடாதே. யாரிடமும் காட்டவும் வேண்டாம்.

ஓணத்துக்கு இங்கே வரலாமே.

அன்புடன்,
சாம்பசிவன்



17 செப்டம்பர் 2024

தம்பிக்கு ஆசீர்வாதம்.

ஓணத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். சுஜா பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள், உன் பங்கையும் நானே குடித்தேன். தைலம் பழைய முறிவெண்ணெய்தான். உன்னைப் போல ரயிலில் எழுத வேண்டிய வேலை எனக்கு இல்லாததால் முழங்கால் தாங்குகிறது.

லிங்கராஜ் ஒரு மனுவோடு வந்தான். நூறு பங்குதாரர்கள் சேர்ந்தால்தான் ட்ரிப்யூனலுக்குப் போக முடியுமாம். நூற்றிமுப்பது பேர் கையெழுத்துப் போட்டு வழக்கும் போட்டாகிவிட்டது. பின்னால் சேர்கிறவர்களுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறான். "எக்கா, எல்லாருக்கும் நோட்டீஸு மீட்டிங்கு களிஞ்ச பொறவுதான் வந்திருக்கு. ஆனா கவரு ஒருத்தன் கையிலயும் இல்லல்லா? எவன் கவர எடுத்து வைப்பான்? அடுப்புல போட்டுட்டானுவோ. உங்க கையில இருக்கா?" என்று கேட்டான்.

நீ சொன்னாய் என்பதற்காகக் கையெழுத்தும் போடவில்லை, கவரையும் காட்டவில்லை. "பார்க்கணும்" என்றேன். அவன் நேராகக் கம்பியைப் பார்த்தான், தாளை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

கம்பெனி பக்கத்தில் வாதாடுவது யாரோ கரமனை வக்கீல் என்று அவன் சொன்னான். உனக்குத் தெரியாத கரமனை வக்கீல் உண்டா? விசாரித்து எழுது.

நாகலக்ஷ்மி



கரமனை
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நமஸ்காரம். உடம்பு நலம்தான், மனசைப் பற்றி பிறகு.

அந்த வக்கீல் நான்தான்.

கோபப்படுவாய் என்று தெரியும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. ஜூன் மாதமே இந்தக் கம்பெனி வேலையை ஒப்புக்கொண்டு, வழக்கு வந்ததும் வக்காலத்து வாங்கிவிட்டேன். பழைய சேர்மனின் மகன் அனந்த்தான் இப்போது நிர்வாக இயக்குநர். கம்பெனி மிஷின்கள் அப்பா காலத்தவை, புது முதலீடு வராமல் ஓடாது என்கிறார். பொய் இல்லை. இருபது வருஷமாக நான் மற்ற சீனியர்களுக்குப் பின்னால் கோப்பு தூக்கினேன். ஒரு கம்பெனி கைமாறுகிற வழக்கு முழுதாக என் பெயரில் வருவது இதுதான் முதல் தடவை. உன் பெயர் பங்குதாரர் ரெஜிஸ்டரில் இருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னதாகவே நோட்டீஸ் கிடைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஜூலை பதினெட்டிலேயே எல்லாருக்கும் சாதாரணத் தபாலில் போட்டதாக அனந்த் ஒரு பட்டியல் கொடுத்தார். அதை நம்பி நான் பிரமாணப் பத்திரம் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு ட்ரிப்யூனலில் தாக்கல் ஆகிவிட்டது.

மழையில் நனைந்த முத்திரையில் தேதி மாறித் தெரியலாம். நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். கவரை எனக்கு அனுப்பு. நகல் வேண்டாம், அசலே வேண்டும்.

சாம்பு



28 செப்டம்பர் 2024

சாம்புவுக்கு,

கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. அப்புறம் நீ மறைக்காமல் எழுதியதை நினைத்தேன், பாதி இறங்கியது. மீதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

முத்திரை நனையவில்லை. பதினான்கு பதினான்காகத்தான் இருக்கிறது. நீ பார்த்தால் அனந்திடம் சொல்லிச் சரிசெய்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். இன்று லிங்கராஜின் லாரியில் வித்துராவுக்குப் போய், கவரை ஒப்புகை அட்டையோடு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் தனியாக வரும்.

தபாலாபீஸ் வாசலில்தான் அவனிடம் கவரைக் காட்டினேன். பாவம், இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. "எக்கா, போன்ல ஒரு படம் எடுத்துக்கிடட்டா?" என்றான். "என் தம்பிக்கு அனுப்பறத நீ படம் பிடிக்கணுமோ? வீட்டுப் பெட்டியில வெக்கறதும் அவன் கையில குடுக்கறதும் எனக்கு ஒண்ணுதான்" என்று அதட்டிவிட்டேன். போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் முகம் நன்றாக இல்லை. பார்த்ததும் இரண்டு வரி எழுது.

நாகலக்ஷ்மி



கரமனை
19 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, நமஸ்காரங்கள் பல.

நலமாக இருக்கிறாயா? முழங்கால் வலி குறைந்ததா? இரவில் தூக்கம் வருகிறதா? மழையில் வெளியே போகாதே. குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா, ஸ்மிதாவிடம் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பட்டுமா?

இங்கே நவராத்திரி நன்றாக நடந்தது. ஏழு படி வைத்தோம். தெருவில் எல்லாரும் வந்தார்கள். ஆஷா ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் செய்தாள். போன ஞாயிறன்று பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். இந்தத் தடவை அடுக்கியதெல்லாம் நான்தான்.

நீ ரெஜிஸ்டர் தபாலில் ஏதோ அனுப்பியதாக எழுதியிருந்தாய். அது இன்னும் வந்துசேரவில்லை. இப்போதெல்லாம் தபாலை நம்பவே முடியவில்லை. வரும்போது வரட்டும், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. வழக்கு நவம்பர் பதினொன்றுக்கு விசாரணை. ஒரு கவரை மட்டும் வைத்து எதுவும் முடிவாகப்போவதில்லை. லிங்கராஜிடமும் அப்படியே சொல்.

என்றும் உன் அன்புத் தம்பி,
சாம்பசிவன்



25 அக்டோபர் 2024

தம்பிக்கு,

ஆசீர்வாதம். தூக்கம் வருகிறது. ஸ்வெட்டர் இரண்டு இருக்கிறது.

தபால் வரவில்லை என்று எழுதியிருந்தாய். படித்தேன்.

இங்கே மழை விடவில்லை. யூனிட்டில் போன வாரம் இரண்டு மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். லிங்கராஜே ஓட்டிக்கொண்டு போனான், வேலை அவனுடையதுதானே. தன் பெண்டாட்டி உட்கார்ந்து வேலை செய்த மிஷினைத் தானே கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். சுஜா என்னிடம் தலைவலி மாத்திரை வாங்க வந்தாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "எக்கா, தம்பி என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். "விசாரிக்கிறான்" என்றேன்.

அப்பா ஞாபகமாகவே இருக்கிறது. ஒரு தடவை ஆண்டுக் கூட்டத்துக்குப் பதினோரு நோட்டீஸ் மேஜை டிராயரிலேயே தங்கிப்போய்விட்டது, நினைவிருக்கிறதா? ஒருவருக்கும் தெரியாது. தானே போய்ச் சேர்மனிடம் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் செய்தார். பிறகு பதினோரு வீட்டுக்கும் நடந்துபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் மணியும் எழுதச் சொல்லுவார். நம் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான். மளிகைக்கடைச் சீட்டில்கூட நீ மணி எழுதுவாய், ஆஷா கேலி செய்வாள். இப்போதும் எழுதுகிறாயா?

தீபாவளிக்கு மருந்து லேகியம் கிளறியிருக்கிறேன். பிறகு அனுப்புகிறேன்.

நாகலக்ஷ்மி



கரமனை
1 நவம்பர் 2024

அக்கா,

தீபாவளி முடிந்தது. எல்லாரும் நலம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ என்ன சொல்ல வருகிறாய்? நேராக எழுது. அப்பா காலத்துக் கதையெல்லாம் எதற்கு? அப்பா டெஸ்பாட்ச் கிளார்க். அவருக்குக் கட்சிக்காரர் இல்லை, எதிர்க்கட்சி இல்லை. என் ஜூனியர் ஷாலுவின் எதிர்காலம் முதல் ஆபீஸ் வாடகை வரை இந்த வழக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கட்சிக்காரர் பொய் சொன்னார் என்றால் அவர் மட்டும் போகமாட்டார், எழுதிக்கொடுத்தவன் பெயரும் சேர்ந்து நாறும். உனக்கு அது புரியாது.

நேற்று அனந்த் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், உங்க சிஸ்டர் பேரு ரெஜிஸ்டர்ல உண்டல்லோ? எந்தா முந்தியே சொல்லல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உன் பங்குகளை நல்ல விலைக்கு அவர்களே வாங்கிக்கொள்கிறார்களாம். மாற்றுப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பிறகு நீ பங்குதாரர் இல்லை, எனக்கும் தர்மசங்கடம் இல்லை. விசாரணை பதினொன்றாம் தேதி. அதற்கு முன் வர வேண்டும்.

தயவுசெய்து, அக்கா.

சாம்பு



4 நவம்பர் 2024

சாம்பு,

நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

இந்தக் கவருக்குள் உன் படிவம் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். கூடவே ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. எடுத்துப் பார். நான் அனுப்பிய ரெஜிஸ்டர் தபாலின் ஒப்புகை அட்டை. அக்டோபர் ஏழாம் தேதியே எனக்குத் திரும்பி வந்துவிட்டது. "சாம்பசிவன்" என்று உன் கையெழுத்து. கீழே 1.10.24, காலை 10.40. ஆஷா வாங்கியிருப்பாள், ஷாலு வாங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லப் பார்த்தேன். மணி எழுதுகிறவர்கள் உன் வீட்டில் வேறு யார்?

அட்டை வந்த அன்று சந்தோஷப்பட்டேன். தம்பி கையில் சேர்ந்துவிட்டது என்று சுஜாவிடம்கூடச் சொன்னேன். பிறகுதான் வரவில்லை என்ற உன் கடிதம் வந்தது. அட்டையையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, சாம்பு. கோர்ட்டில் நீ யாருக்காக என்ன பேசினாலும் அது உன் தொழில். ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்ட கடிதத்திலேயே பொய் எழுதினாயே.

லிங்கராஜின் தாளில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த அட்டையை அவனிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவர்கள் வக்கீல் உன் பெயரை எழுந்து நின்று படித்திருப்பார். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எழுபது பெண்களைவிட என் தம்பியைத்தான் பெரிதாகப் பார்த்தேன். அது நியாயமில்லை என்று எனக்கே தெரியும், வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் இப்போது கவரும் இல்லை, அட்டையும் இல்லை. இரண்டும் உன் கையில். இதைச் சாதாரணத் தபாலில்தான் அனுப்புகிறேன். இதுவும் வரவில்லை என்று சொல்ல உனக்குச் சௌகரியமாக இருக்கும்.

பிரஷர் மாத்திரையை விடாதே.

நாகலக்ஷ்மி



கரமனை
14 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நமஸ்காரம் எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. வந்தது, அக்கா.

அக்டோபர் ஒன்றாம் தேதி உன் கவரைப் பிரித்து முத்திரையைப் பார்த்தேன். பதினான்கு, பளிச்சென்று இருந்தது. அப்போது எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை, நீயும் வரவில்லை. இது ஒன்றைத் தவிர வேறு கவர் இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. பயந்துவிட்டேன். கிழிக்கவும் தைரியம் வரவில்லை. கொலு பொம்மைகளைக் கட்டியபோது செட்டியார் பொம்மையின் துணிக்குள் வைத்துச் சுற்றிவிட்டேன். அடுத்த நவராத்திரி வரை யாரும் பிரிக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அனந்திடம் நான் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பதை உனக்கு எழுத முடியாது. தொழிலில் அது பெரிய தப்பு. எல்லார் முன்னாலும் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பதினொன்றாம் தேதி ட்ரிப்யூனலில் எழுந்து, வக்காலத்திலிருந்து விலக அனுமதி கேட்டேன். காரணம் கேட்டார்கள். "என் சொந்த அக்கா பங்குதாரர். ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்றேன். பின் வரிசையில் லிங்கராஜ் உட்கார்ந்திருந்தான், அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அனுமதி கொடுத்தார்கள். கம்பெனி புது வக்கீல் வைத்துக்கொள்ள டிசம்பர் ஒன்பது வரை தள்ளிவைத்தார்கள். அதுவரை யூனிட்டிலிருந்து ஒரு மிஷினையும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கினேன். "இப்ப எதுக்கு பொம்மைப் பெட்டியப் பிரிக்கறேள்? கொலு களிஞ்சு ஒரு மாசமாச்சே" என்றாள் ஆஷா. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஷாலு வேறு ஆபீஸ் தேடுகிறாள்.

அந்தக் கவர் கட்சிக்காரருடையது இல்லை, உன்னுடையது. உன் பொருளை உனக்குத் திருப்பித் தருவதை யாரும் தடுக்க முடியாது. இந்தக் கடிதத்தோடு அதுவும் ரெஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு வருகிறது. என் கையெழுத்துப் போட்ட அந்த மஞ்சள் அட்டையையும் உள்ளே வைத்திருக்கிறேன். யாரிடம் காட்ட வேண்டுமானாலும் காட்டு. என் பெயரைப் படித்தால் படிக்கட்டும்.

சரிபார்த்துக் கையெழுத்துப் போடு. மன்னிப்பு நேரில் வந்து கேட்கிறேன், நீ வரச் சொன்னால்.

சாம்பு



(கரமனைக்குத் திரும்பிவந்த ஒப்புகை அட்டை)

பெற்றுக்கொண்டேன்.
நாகலக்ஷ்மி
18.11.24, காலை 11.20

தபால்காரரைக் காக்கவைத்துப் பிரித்துப் பார்த்தேன். கவர் சரியாக இருக்கிறது. உன் மஞ்சள் அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. லிங்கராஜ் கவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.